அக்குளில் கட்டிய நெறி

மேலகரம்
12-2-1984

ஞானம்,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. சுகமில்லாதவன் பத்திரிகையில் இவ்வளவு நீளமாக எழுத மாட்டான். எங்கள் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் அந்த வார இதழைத் தூக்கிக்கொண்டு வந்து, இது உங்கள் தம்பிதானே என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் முன்னால் உன் போட்டோவைக் காட்டினாள். ஆமாம் என்றேன். உனக்கு முன்மயிர் கொட்டிப்போனது அப்போதுதான் எனக்குத் தெரியும். சொந்த அக்காளுக்கு இதைப் பத்திரிகைக்காரன் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ வசுதாவைக் கட்டிக்கொண்டபோது உன் அத்தான் பேசியதை நான் மறக்கவில்லை. வேற்று மதத்துக்காரி என் வாசலை மிதிக்கக் கூடாது என்று அவர் சொன்னபோது நான் அடுப்படியில்தான் நின்றிருந்தேன். கறி அடிப்பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நீயும் அன்றோடு கால் வைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை, புஷ்பத்தின் பிறந்தநாளுக்கு ஒன்று. சரி, அது இருக்கட்டும்.

உன் கட்டுரையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். நான் தமிழ் டீச்சர், எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. வெள்ளை அணுக்கள் காவல்படை என்கிறாய். நம் உடம்பில் தினமும் கெட்டுப்போகிற செல்களை அவை கண்டுபிடித்துத் தின்றுவிடுகின்றன என்கிறாய். அப்படியானால் கேன்சர் எப்படி வருகிறது? காவல்படை தூங்கிவிட்டதா? பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள், ஒரு கட்டி வலிக்காமலேயே இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று. காவல்படை அதை இன்னும் பார்க்கவில்லை என்றா, பார்த்து அடக்கிவிட்டது என்றா?

புஷ்பத்துக்கு வரன் பார்க்கிறோம். உன் அத்தானுக்குக் குற்றாலத்து லாட்ஜில் சீசன் வரும்வரை வேலையில்லை, ஆகையால் தரகர்களோடு சுற்றுகிறார்.

பதில் எழுது. வசுதாவை விசாரித்ததாகச் சொல்.

சுகிர்தம்


பம்பாய்
4-3-1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் அதை உடைக்காமல் நாள் பூராவும் பைக்குள் வைத்திருந்தேன். சாயங்காலம் லேபில் எல்லாரும் போன பிறகுதான் வாசித்தேன். நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? என் வேலையைப் பற்றி நம் குடும்பத்தில் யாரும் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

மாக்ரோஃபேஜ் என்று ஒரு செல் இருக்கிறது. தின்பதுதான் அதன் தொழில். கிருமியோ கெட்ட செல்லோ அகப்பட்டால் விழுங்கிவிடும். ஆனால் தின்னிப்பண்டாரம் என்று நினைத்துவிடாதே. தின்றதில் ஒரு துண்டை எடுத்துத் தன் மேற்பரப்பில் வைத்துக் காட்டும். டி செல் என்று இன்னொரு வகை வந்து அதைத் தடவிப் பார்க்கும். துண்டு அந்நியமானதா என்று மட்டும் பார்க்காது. காட்டுகிறவன் நம் வீட்டு ஆள்தானா என்றும் பார்க்கும். இரண்டும் ஒத்துவந்தால்தான் கோபப்படும். கோபப்பட்டால் தன்னைப் போல ஆயிரக்கணக்கில் பெருகும், ஒரு ரசாயனத்தை விட்டு மற்றவற்றையும் கூப்பிடும்.

இந்தப் பேச்செல்லாம் நடக்கிற இடம் எது தெரியுமா? நெறி! காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் அல்லவா, நம் ஊரில் விளக்கெண்ணெய் தடவுவார்களே, அங்கேதான் அணுக்கள் கூடிப் பெருகுகின்றன. நெறி கட்டுவது நல்லதுக்குத்தான். படை திரண்டுவிட்டது என்று அர்த்தம்.

கேன்சர் செல் விஷயத்தில் சிக்கல், அது அந்நியன் இல்லை. நம் செல்தான் தறிகெட்டுப் போயிருக்கிறது. முகம் நம் முகம். ஆகவே அதை இனங்காண்பது கடினம். ஆனாலும் சில சமயம் காவல் அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. போன நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு டாக்டர் கவனித்திருக்கிறார், கட்டி உள்ள ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது கட்டி கரைந்திருந்ததாம். பிறகு அவர் வேண்டுமென்றே நோயாளிகளுக்குக் காய்ச்சல் வரவைத்துப் பார்த்தார். காய்ச்சல் காவல்படையைத் தட்டி எழுப்புகிறது என்பது இப்போது எங்கள் துறையில் பலருடைய எண்ணம்.

கட்டி வலிக்காவிட்டால் நல்லதா கெட்டதா என்று அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. எப்படியிருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல். என் எலிகளுக்கும் ஆரம்பத்தில் வலிப்பதாகத் தெரியவில்லை, அவை பாட்டுக்குத் தின்கின்றன, ஓடுகின்றன. அவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

உன் தம்பி
ஞானசிகாமணி


மேலகரம்
27-6-1984

ஞானம்,

சாரல் கட்டிவிட்டது. தென்காசியில் குடை பிடிக்காமல் ஒரு தெரு தாண்ட முடியவில்லை. லாட்ஜில் இடமில்லை, உன் அத்தான் வராந்தாவில்கூடப் பாய் விரித்து ஆள் சேர்க்கிறார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மாரித்தாய் என்று ஒரு டீச்சர். அவளுக்கு நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவுதான் இருந்தது, இப்போது கொஞ்சம் பெரிது. வலி கிடையாது. யாரிடமும் சொல்ல முடியாத இடம். ஆம்பிளை டாக்டரிடம் திறந்து காட்டுவதற்குச் செத்துப்போகலாம் என்கிறாள். அவளிடம் நான் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், காய்ச்சல் சமாச்சாரத்தையும் சேர்த்து.

அவள் என்ன செய்தாள் கேள். விடிவதற்குள் குற்றாலத்துக்குப் பஸ் ஏறிப் பெரிய அருவியில் பெண்கள் பக்கம் நின்றாள். காய்ச்சல் வரட்டும் என்று! ஆனால் உனக்குத்தான் தெரியுமே, குற்றாலத்துத் தண்ணீரில் எவ்வளவு நின்றாலும் சளி பிடிக்காது என்று ஊரே பெருமை பேசும். அந்தப் பெருமை இவளுக்கு எதிரியாகிவிட்டது. குளிக்கக் குளிக்கப் பசிதான் எடுத்ததாம். கடைசியில் ஈரச் சேலையோடு லாட்ஜ் மொட்டைமாடியில் போய்ச் சாரல் காற்றில் உட்கார்ந்தாள். அதற்குப் பலன் கிடைத்தது. நல்ல காய்ச்சல். மாத்திரை கொடுத்தார்கள், தலையணைக்கு அடியில் போட்டுவிட்டாள். பேதைச் செய்கை என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் பயந்தவளுக்கு எது பேதைமை, எது புத்தி?

காய்ச்சல் விட்ட பிறகு பார்த்தால் இடது அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. கோலிக்குண்டு போல உருளுகிறது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. படை திரண்டுவிட்டது என்று ஜெபம் பண்ணினாள். நீ எழுதியபடிதானே? ஒரு வரி எழுதிப் போடு, அவளிடம் காட்டுகிறேன்.

வாசுதேவநல்லூரிலிருந்து புஷ்பத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் பேங்கில் இருக்கிறான். பையனின் அம்மா நல்லவள்தான், ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது சீக்கு உண்டா என்று காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

சுகிர்தம்


பம்பாய்
9-7-1984

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த டீச்சரை உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். உடனே என்றால் இந்த வாரமே. நெறி விஷயத்தில் நான் முழுவதையும் எழுதாமல் விட்டுவிட்டேன். நெறி வேறு காரணத்தாலும் கட்டலாம். அது எது என்று கையால் தடவிச் சொல்ல முடியாது. பெண் டாக்டர் வேண்டுமென்றால் அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்று அந்த டீச்சரிடம் சொல்.

வசுதா அந்த டீச்சருக்கு என்ன வயது என்று கேட்டாள். அக்காவை ஒத்த வயதாக இருக்கும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

எலிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதில் எங்களுக்கு ஒரு தோல்வி. கட்டி உள்ள எலியின் மண்ணீரலிலிருந்து வெள்ளை அணுக்களை எடுத்து, கட்டி வைத்த வேறு எலிகளுக்குச் செலுத்தினோம். பழகிய காவலர்கள் அல்லவா, போய்ச் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். கட்டி இன்னும் வேகமாக வளர்ந்தது. அந்த அணுக்களில் ஒரு கூட்டம் மற்றவற்றைச் சண்டை போட விடாமல் அடக்குகிறது என்று இப்போது நினைக்கிறோம். அடக்கும் செல்கள் என்று ஒரு வகை இருப்பதாக வெளிநாட்டிலும் எழுதுகிறார்கள். கட்டிக்குப் பக்கத்தில் நெடுநாள் இருந்த அணுக்கள் கட்டிக்கே காவலாகிப் போகின்றனவோ என்னவோ.

மழை இங்கேயும் விடவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த டீச்சர் விஷயம் என்ன ஆயிற்று என்று எழுது.

ஞானசிகாமணி


மேலகரம்
3-11-1984

ஞானம்,

மாரித்தாய் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரும் கிடையாது. உனக்கு அது ஜூலையிலேயே தெரியும். உன் கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு மறுபடி வாசித்தேன். அந்த டீச்சர், அந்த டீச்சர் என்று தாண்டித் தாண்டி எழுதியிருக்கிறாய். முடிவில் உன் உடம்பைப் பார்த்துக்கொள் என்று எனக்கு ஒரு வரி. நான் பொய் சொன்னேன். நீ அதை நம்பினாற்போல நடித்தாய். ஏலே, தெரிந்துகொண்டே எலிக்கதை எழுதினாயே!

இடது பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டார்கள். அக்குளுக்குள்ளும் கத்தி வைத்திருக்கிறார்கள். நெறி என்று நான் ஜெபம் பண்ணி ஸ்தோத்திரம் சொன்னது எல்லாம் கட்டி அங்கே போய்க் குடியேறியதற்குத்தான்.

நீ எழுதியதை அப்போதே கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். கேட்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "புஷ்பத்துக்கு ஓலை வாசிக்குத வரைக்கும் பொறுத்துக்கிடுவியா?" என்று கேட்டார். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டால் பிறகு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்க மாட்டார்கள் என்று அவர் கணக்கு. அவரைத் திட்டாதே. பொறுத்துக்கிடுதேன் என்று சொன்னவள் நான். அவர் கேட்பதற்கு முன்னாலேயே நானும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தேன். என் உயிரை நானே அடகு பேசினேன், அதை நினைத்தால்தான் கூசுகிறது.

செப்டம்பரில் நிச்சயம் நடந்தது. பட்டுச்சேலைக்கு உள்ளே பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு சம்பந்தியோடு பக்கத்தில் உட்கார்ந்து கேசரி தின்றேன். தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருங்கி, நீர் வடிய ஆரம்பித்திருந்தது. துணி துவைக்கப் போட்ட இடத்தில் புஷ்பம் கறையைப் பார்த்துவிட்டாள். என் ரவிக்கையை அவளே அவிழ்த்தாள். பார்த்ததும் அழவில்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டு நடு வீட்டில் நிறுத்தி என்னிடம்தான் கேட்டாள்: "நீ செத்துப்போயி எனக்குக் கல்யாணம் நடத்தப் போறியாம்மா?"

மறுநாள் அவள்தான் என்னைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றினாள்.

டாக்டர் சின்னப் பையன். உன்னை விடச் சின்னவன். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டான், அவனிடமும் இரண்டு மாதம் என்று பொய் சொன்னேன். அக்குளில் இவ்வளவு பெரிதாகும்வரை ஏன் வரவில்லை என்றான். நெறி கட்டினால் நல்லது என்று நினைத்தேன் என்றேன். யார் அப்படிச் சொன்னது என்று கோபமாகக் கேட்டான். என் தம்பி, பம்பாயில் கேன்சர் ஆராய்ச்சி பண்ணுகிறான் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மென்று விழுங்கிவிட்டு, அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்றேன். உன் மானத்தை அங்கே நான் காப்பாற்றினேன், அது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல். அருவியில் நின்றதால்தான் கட்டி அக்குளுக்குப் பரவியதா? காய்ச்சல் வரவழைத்து நானே அதைக் கிளறிவிட்டேனா? பகலெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்.

சுகிர்தம்


பம்பாய்
14-11-1984

அக்கா,

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இல்லை. நீ குளித்ததால் பரவவில்லை. காய்ச்சலால் பரவவில்லை. அது அதற்கு முன்பே போயிருக்க வேண்டும், காய்ச்சல் விட்டபிறகு நீ தடவிப் பார்த்ததால் அப்போது தெரிந்திருக்கிறது. இதை நான் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. ஆனால் மாதங்களைத் தள்ளியதால் கெடுதல் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

உன் ஜூன் மாதக் கடிதத்தில் லாட்ஜ் மொட்டைமாடி என்ற இடத்துக்கு வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. எந்த மாரித்தாய் அத்தானுடைய லாட்ஜில் மாடியேறி உட்காருவாள்? வசுதாவிடம் சொன்னேன். உன் அக்காவுக்கு மார்பில் கட்டியா என்று ஒரு வரி எழுதிக் கேள், இல்லையென்றால் இன்றைக்கே ரயிலேறு என்றாள். அக்காவிடம் தம்பி கேட்கிற கேள்வியா இது என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். என் எலிகளுக்கு வருவதும் மார்புக் கட்டிதான். அதைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். உனக்கு ஒரு தரம் தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை.

டாக்டரிடம் என் மானத்தைக் காப்பாற்றினாய் என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபிறகு லேபில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கட்டுரை எழுதியபோது பாதி நிரூபணமானதை முழுதாக எழுதினேன். பிறகு உனக்கு எழுதியபோது அதிலும் பாதியை விட்டேன், கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக. நெறியைப் பற்றி எழுதும்போது நானே ரசித்துக்கொண்டு எழுதினேன் அக்கா.

வருவதற்கு டிக்கெட் எடுத்தேன். ரத்து செய்துவிட்டேன். அத்தான் முகத்துக்குப் பயந்து இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

இப்போது ஒன்று கேட்கப் போகிறேன், கேட்கக் கூடாததுதான். எடுத்ததை ஆஸ்பத்திரியில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து சீவி, சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடு ஒன்று கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஞானம்


மேலகரம்
10-12-1984

ஞானம்,

அறுபட்டுக் கிடக்கிறவளிடம் வந்து ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்கிறாய், கறிக்கடையில் கேட்கிற மாதிரி. கடிதத்தை வாசித்ததும் கிழித்துப் போடலாம் என்றுதான் எழுந்தேன். இடது கை தூக்க வரவில்லை, ஒற்றைக் கையால் கிழிக்க முடியவில்லை. அதனால் தப்பித்தாய்.

உன் அத்தானிடம் சொன்னேன். எதுக்கு என்றார். பார்க்கணுமாம் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார். எழுதிக் கொடுத்து, காத்துக் கிடந்து, கண்ணாடித் தகட்டை வாங்கி, கைக்குட்டையில் சுற்றிப் பவுடர் டப்பாவுக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். அது எது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சாப்பிடவில்லை. லாட்ஜில் தங்குகிற கடையநல்லூர் முகம்மது மீரான் துபாய்க்கு விமானம் ஏற பம்பாய்க்கு வருகிறார், அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

வாசுதேவநல்லூருக்கு நானே போனேன். ஓலை வாசிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று புஷ்பம் பிடிவாதம். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், காப்பி கொடுத்தாள், பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். ஒரு வாரம் கழித்துப் பையனுக்கு இப்போது கல்யாணத்தில் இஷ்டமில்லையாம் என்று தரகர் வந்து சொன்னார். கேன்சர் என்ற வார்த்தையை இதுவரை அவர்கள் தரப்பில் யாரும் உச்சரிக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் சொன்னது ஒரே ஒரு பொய், அதுவும் நிலைக்கவில்லை. எதற்காகப் பொறுத்துக்கொண்டேனோ அதுவும் போயிற்று, பொறுத்ததும் வீணாயிற்று.

புஷ்பத்தின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள், "வந்தா வருதான், போனா போறான், நீ கையத் தூக்கு" என்று சுவரில் கோடு போட்டு அதைத் தொடச் சொல்லுகிறாள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியாம். என்னை அவள் அதட்டுகிற அதட்டலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் என்ன பட்டிருக்கும் என்று இப்போது தெரிகிறது.

நீ ஜூலையில் எழுதிய எலிச் சங்கதியை நினைத்துக்கொண்டேன். கட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து மற்றவர்களை அடக்கி வைத்தது என்றாயே. இந்த வீட்டில் நாங்களும் அதைத்தான் செய்தோம். ஒருவர் வாயை ஒருவர் அடைத்தோம்.

தகட்டைப் பார்த்துவிட்டு உள்ளதை எழுது. பூசி மெழுகாதே.

சுகிர்தம்


பம்பாய்
6-1-1985

அக்கா,

முகம்மது மீரான் வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு உள்ளே என்ன என்று தெரியாது, அக்கா பவுடர் கொடுத்து விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அன்றைக்கு முழுவதும் அதைத் தொடவில்லை.

உள்ளதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு அழகாகச் சாயம் பிடித்திருக்கிறது என்பதுதான். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது. அது யாருடையது என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. ஞாபகம் வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றேன். இப்படிப்பட்டவனாக இத்தனை வருஷத்தில் ஆகிவிட்டிருக்கிறேன்.

திரும்பி வந்து பார்த்தேன். கட்டியின் செல்கள் பெரிதுபெரிதாக, ஒழுங்கில்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன. அவற்றைச் சுற்றிலும் சின்னச்சின்னதாக, உருண்டையாக, கருநீலமாக ஒரு கூட்டம். எதிர்பார்த்ததை விட மிகவும் அதிகம். அவை உன் வெள்ளை அணுக்கள்.

அக்கா, அவை வந்திருந்தன. கும்பல் கும்பலாக வந்திருந்தன. நாம் எல்லாரும் தெரியாத மாதிரி இருந்த மாதங்களில் அவை அங்கே போய் நின்றிருக்கின்றன. சில இடங்களில் கட்டிச் செல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றன, அந்த இடத்தில் கட்டிச் செல் செத்துச் சுருங்கியிருந்தது. மாக்ரோஃபேஜ்கள் அந்தக் குப்பையைத் தின்றுகொண்டிருந்தன. அதெல்லாம் ஓரங்களில்தான். நடுவில் அப்படி இல்லை. அங்கே அணுக்கள் பக்கத்தில் போயும் சும்மா நின்றன. ஏன் நின்றன, எது அவற்றை நிறுத்தியது என்று எனக்குத் தெரியாது. அடக்கும் செல்களாக இருக்கலாம் என்று பெரிய தோரணையில் எழுத எனக்கு இனி தைரியம் கிடையாது. இது என் துறை, எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

இப்படி அணுக்கள் நிறையக் கூடியிருந்தால் நோயாளிக்கு நல்லது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வேறு சிலர் அப்படி ஒன்றுமில்லை என்கிறார்கள். அக்குள் நெறிகளிலும் இருந்ததால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அடுத்து உனக்குக் கரண்டு வைப்பார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, அதை மட்டும் ஒரு நாளும் தவறவிடாதே.

வசுதாவும் பார்த்தாள். பிறகு தகட்டைத் துடைத்து அதே கைக்குட்டையில் சுற்றி வைத்தாள்.

உன் உடம்பு தெரிந்துகொண்டு சண்டைக்குப் போயிருக்கிறது. உன் தம்பி தெரிந்துகொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். வரலாமா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

ஞானம்


மேலகரம்
17-1-1985

ஞானம்,

உன் கடிதத்தைப் புஷ்பம் சத்தமாக வாசித்தாள். உன் அத்தான் நிலைப்படியில் நின்று கேட்டார். அவை வந்திருந்தன என்கிற இடத்தில் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, முதலில் கோபம்தான் வந்தது. வந்தும் சும்மா நின்றதுகளாக்கும், வந்து என்னத்தைக் கிழித்தன என்று. பிறகு ராத்திரி படுத்துக்கொண்டு அவற்றுக்காக ஜெபித்தேன். மூளை பிசகிவிட்டது என்று நினைத்துக்கொள். என் உடம்பில் எனக்காக யாரோ சாக நின்றிருக்கிறார்கள், அது எனக்கே தெரியவில்லை.

நாளைக் கழித்துத் திருவனந்தபுரம் போகிறோம், கரண்டு வைக்க. சாத்தூரிலோ சங்கரன்கோவிலிலோ இருந்து வருகிறவர்கள் வராந்தாவிலேயே சமைத்துத் தின்று கிடக்கிறார்களாம், நமக்கு லாட்ஜ்காரர் என்ற மரியாதைக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

நேற்றுச் சாப்பிடும்போது உன் அத்தான் என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன வரச் சொல்லு. அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லு." எந்தப் பிள்ளை என்று வேண்டுமென்றே கேட்டேன். "வசுதா" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரும் கூனிக்குறுகித்தான் போயிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த மிச்சக் கோபமும் அதோடு போயிற்று என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

உனக்கு வர வெட்கம் என்கிறாய். எதற்கு வெட்கம்? கட்டின புருஷன் பார்க்காததை, பெற்ற பிள்ளை பார்க்காததை, என் மாரின் உள்ளுக்குள் இருந்ததை எல்லாம் விளக்குப் போட்டு நீ பார்த்தாகிவிட்டது. இனி நமக்குள் மறைக்க ஒரு நூலிழை உண்டா? அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் பட்டது போதும்.

ஆகையால் வா. திருவனந்தபுரத்துக்கு வேண்டாம், அங்கே எல்லாரும் கேன்சர்காரர்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் முடித்துக்கொண்டு வந்தபிறகு மேலகரத்துக்கு வா, பட்டப்பகலில் வா. தெருவில் எல்லாரும் இருக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோதே, எதிர்வீட்டுக்காரிக்கும் கேட்கிற மாதிரி கேள், அக்கா, மார்பை எடுத்த இடம் ஆறிவிட்டதா என்று.

நானும் அதே சத்தத்தில் பதில் சொல்லுகிறேன்.

சுகிர்தம்